பதவிச் சிபாரிசும் அந்தரங்கக் கடிதங்களும்: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தக் கால அரசியலை அறியப் பத்திரிகைகளும் காங்கிரஸ் அவைக் குறிப்புகளும் போதாதா? தனிக் கடிதங்கள் எதற்கு?

போதாது. மேடையிலும் பத்திரிகையிலும் வரி, வங்கி, அடிமைமுறை என்று பேசியவர்கள், கடிதத்தில் ஆள் பெயர், பதவியின் பெயர், சம்பளம், பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதினார்கள். 1883 வரை பெரும்பாலான மத்திய அரசு வேலைகளுக்குப் போட்டித் தேர்வு கிடையாது. யாருக்கு வேலை என்பதைக் கடிதங்களே முடிவு செய்தன.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுதப்பட்ட கடிதங்களில் ஒரு பகுதிதான் மிஞ்சியிருக்கிறது. மிகவும் பேசப்படுபவை பெரும்பாலும் யாரோ மறந்து விட்டுப்போனவை, யாரோ எடுத்துக்கொண்டவை, அல்லது பழி தீர்க்க அச்சேற்றப்பட்டவை. அதனால் ஒரு கடிதம் என்ன சொல்கிறது என்பதோடு, அது எந்த வழியாக நம் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வழி தெரியாத கடிதத்தை வைத்து எழுதப்படும் வரலாறு பாதி வரலாறுதான்.

எந்தப் பதவிகளுக்கு இவ்வளவு போட்டி?

எண்ணிக்கையில் முதலிடம் போஸ்ட்மாஸ்டர் பதவிக்கு. ஊருக்கு ஊர் தபால் நிலையம் இருந்ததால் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பதவி இருந்தது. 1836ஆம் ஆண்டுச் சட்டப்படி, போஸ்ட்மாஸ்டருக்குக் கிடைக்கும் ஆண்டுத் தரகு 1,000 டாலரைத் தொடும் தபால் நிலையங்களுக்குக் குடியரசுத் தலைவர் செனட்டின் ஒப்புதலோடு நியமித்தார். அதற்குக் கீழே உள்ளவற்றுக்குத் தபால் துறைத் தலைவரே நியமித்தார். அடுத்து நில அலுவலகங்கள், மார்ஷல் பதவிகள், வெளிநாட்டுத் தூதரக வேலைகள்.

பணத்தில் முதலிடம் நியூயார்க் சுங்க அலுவலகத்துக்கு. வருமான வரி இல்லாத காலத்தில் அரசின் பெரும் வருவாய் இறக்குமதித் தீர்வை; அதன் பெரும் பகுதி வசூலானது இந்தத் துறைமுகத்தில். அங்கே ஆயிரம் பேருக்கு வேலை கொடுக்க முடிந்த சுங்க கலெக்டர், மாநிலக் கட்சியையே கையில் வைத்திருந்தார். 1874க்கு முன், வணிகர்கள் மீது விதிக்கப்படும் அபராதத்தில் கலெக்டருக்கும் பங்கு உண்டு. 1871இல் கலெக்டரான செஸ்டர் ஆர்தருக்கு அந்தப் பங்கோடு சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 50,000 டாலர் வந்தது. பங்கை ஒழித்த பிறகு சம்பளம் 12,000 டாலர்.

கட்சிக்காரருக்கு அரசு வேலை கொடுக்கும் இந்த முறையை ஆரம்பித்தவர் ஆண்ட்ரூ ஜாக்சன்தானே?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. 1820இலேயே பல நிதிப் பதவிகளுக்கு நான்கு ஆண்டுக் காலவரம்பு வைத்துச் சட்டம் வந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தில், பின்னாளில் தலைவரான மார்ட்டின் வான் ப்யூரனின் ‘ஆல்பனி ரீஜென்சி’ குழு ஜாக்சனுக்கு முன்பே வேலை கொடுத்துக் கட்சி வளர்க்கும் வித்தையில் தேர்ந்திருந்தது. 1829 மார்ச்சில் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஜாக்சன், முதல் ஒன்றரை ஆண்டில் நீக்கியது ஏறக்குறைய பத்தில் ஒருவரை மட்டுமே. ஆனால் பதவிகள் சுழற்சியில் போக வேண்டும் என்பதை ஒரு கொள்கையாகவே அவர் நியாயப்படுத்தினார். பழைய வழக்கத்துக்கு அதனால் வெளிப்படையான அங்கீகாரம் கிடைத்தது.

வென்றவனுக்கே எதிரியின் கொள்ளைப்பொருள் சொந்தம் என்ற பொருளில் நியூயார்க் செனட்டர் வில்லியம் மார்சி செனட்டில் பேசியது 1832 ஜனவரியில். வான் ப்யூரனைப் பிரிட்டனுக்குத் தூதராக அனுப்புவது பற்றிய விவாதம் அது.

ஒரு வேலைக்குச் சிபாரிசு எப்படி ஏற்பாடு செய்யப்பட்டது?

வழி ஓரளவுக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். வேலை தேடுபவர் முதலில் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியரையும் மாவட்டக் கட்சிக் குழுவையும் பிடிப்பார். ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்திட்ட மனு ஒன்று தயாராகும். அதைத் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினரிடம் கொண்டுபோவார். அவர் தன் கடிதத்தையும் சேர்த்துத் துறைச் செயலருக்கு அனுப்புவார். செனட்டர் ஆளும் கட்சிக்காரராக இருந்தால் அவருடைய ஒரு வரி, மற்ற எல்லாவற்றையும்விட கனமானது. செனட் ஒப்புதல் தேவைப்படும் பதவியில், அந்த மாநிலத்துச் செனட்டரின் மனம் கோணினால் நியமனமே கவிழும்.

கடிதத்தின் அமைப்பும் பழகிய ஒன்று: விண்ணப்பிப்பவரின் நேர்மைக்கு ஒரு வரி, குடும்பக் கஷ்டத்துக்கு ஒரு வரி, கட்சிக்கு உழைத்ததற்கு ஒரு முழுப் பத்தி. இப்போது பதவியில் இருப்பவர் எதிர்க்கட்சிக்கு எப்படியெல்லாம் உதவினார் என்பது அதற்குப் பிறகு வரும். கோப்பில் போக வேண்டிய இந்தக் கடிதத்தோடு ‘அந்தரங்கம்’ என்று தலைப்பிட்ட இரண்டாவது கடிதமும் சில சமயம் போகும். உண்மையான பேரம் அதில்தான் இருக்கும். வேண்டாதவருக்கும் மறுக்க முடியாமல் நல்ல கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தனியே எழுதுவதும் நடந்தது. அதனால் ஒரு புகழ்ச்சிக் கடிதத்தை மட்டும் பார்த்து இருவரும் நெருக்கமானவர்கள் என்று முடிவு கட்டுவது ஆபத்து.

வேகமும் முக்கியம். 1849இல் பொது நில அலுவலக ஆணையர் பதவிக்கு ஆபிரகாம் லிங்கன் முயன்றார். இல்லினாய்ஸ்காரர் வேறு எவருக்கும் பதிலாக எனக்குக் கிடைத்தால் உங்களுக்குச் சம்மதமா, சம்மதமானால் உடனே வாஷிங்டனுக்கு எழுதுங்கள் என்று ஏறத்தாழ ஒரே வாசகத்தில் ஜூன் மாதத்தில் பலருக்கு எழுதினார். காலம் கடந்துவிட்டது. ஆரம்பத்தில் வேறொருவருக்காக ஒதுங்கியிருந்த அவர் களத்தில் இறங்கத் தாமதித்ததில், பதவி ஜஸ்டின் பட்டர்ஃபீல்டுக்குப் போனது. ஆறுதலாகத் தரப்பட்ட ஆரிகன் பிரதேச ஆளுநர் பதவியை லிங்கன் ஏற்கவில்லை.

தபால் செலவுக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. 1845க்கு முன் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. ஒரு தாளுக்கு 30 மைல்வரை 6 சென்ட், 400 மைலுக்கு மேல் 25 சென்ட். இரண்டு தாள் என்றால் இரு மடங்கு. உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்கானது. அதனால்தான் அக்காலக் கடிதங்கள் ஒரே பெரிய தாளில் எழுதி, மடித்து, அரக்கு முத்திரை வைத்து, வெளிப்பக்கத்திலேயே முகவரி எழுதப்பட்டவை. கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தினார். 1845இல் எடைக் கணக்கு வந்தது: அரை அவுன்சுக்கு 300 மைல்வரை 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட். 1851இல் முன்கூட்டிச் செலுத்தினால் 3 சென்ட் என்று இறங்கியது.

இந்த விலையில், இலவசமாகத் தபால் அனுப்பும் உரிமை ஒரு பெரிய சொத்து. காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும், 1845 சட்டம்வரை போஸ்ட்மாஸ்டர்களுக்கும் அது இருந்தது. முகவரிப் பக்கத்தில் கையெழுத்திட்டால் போதும். பத்திரிகை ஆசிரியர்கள் போஸ்ட்மாஸ்டர் வேலைக்கு ஏன் துடித்தார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். காங்கிரசுக்கான உரிமை 1873இல் நிறுத்தப்பட்டு, பின்னர் சிறிது சிறிதாகத் திரும்பியது.

போஸ்ட்மாஸ்டரே கட்சிக்காரர் என்றால் கடிதத்தைப் பிரித்துப் படிக்க மாட்டாரா?

அந்தப் பயம் எல்லாத் தரப்பிலும் இருந்தது. அதனால் முக்கியமான கடிதங்கள் நம்பிக்கையான பயணி ஒருவர் கையில் கொடுத்தனுப்பப்பட்டன. அத்தகைய கடிதத்தின் வெளிப்பக்கத்தில் தபால் முத்திரையும் கட்டண எண்ணும் இருக்காது. கொண்டுபோனவரின் பெயர் சில சமயம் ஓரத்தில் இருக்கும். ஓரத்துக் குறிப்பை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அந்தப் பயணி யார் என்று தேடினால், சதியின் இன்னொரு கை தென்படும்.

பெயருக்குப் பதில் முதலெழுத்து, கோடு, அல்லது ‘நம் நண்பர்’ என்று எழுதுவதும் வழக்கம். எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது, நேரில் சொல்கிறேன் என்று நிறுத்திக்கொள்வது. அப்படி நின்றுபோகும் இடங்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சந்திப்பு நடந்த தேதியை வேறு கடிதங்களிலிருந்து கண்டுபிடிக்கலாம்.

‘அந்தரங்கம்’, ‘படித்ததும் எரிக்கவும்’ என்று எழுதிய கடிதங்கள் எப்படி மிஞ்சின?

பெறுபவருக்கு அதை எரிக்காமல் இருப்பதில்தான் லாபம். எழுதியவரின் குடுமி அவர் கையில் சிக்கிக்கொள்கிறதே!

ஜேம்ஸ் பிளெய்ன் விவகாரம் இதற்குச் சரியான உதாரணம். பிரதிநிதிகள் சபைத் தலைவராக இருந்தபோது, லிட்டில் ராக் – ஃபோர்ட் ஸ்மித் ரயில் நிறுவனத்தின் பத்திரங்களை விற்றுக் கொடுத்து ரகசியக் கமிஷன் பெற்றார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. பாஸ்டன் வணிகர் வாரன் ஃபிஷருக்கு அவர் எழுதிய கடிதங்கள், ஃபிஷரின் கணக்கர் ஜேம்ஸ் மல்லிகன் வசம் இருந்தன. 1876 மே மாத இறுதியில் விசாரணைக்காக மல்லிகன் வாஷிங்டன் வந்தபோது, பிளெய்ன் விடுதிக்கே போய், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கடிதக் கட்டை வாங்கினார், திருப்பித் தரவில்லை. ஜூன் 5 அன்று சபையில் எழுந்து, தாம் விரும்பிய வரிசையில், தம் விளக்கத்தோடு அவற்றை வாசித்தார். அவையே ஆரவாரித்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1884இல் பிளெய்ன் குடியரசுக் கட்சி வேட்பாளர். அந்தச் செப்டம்பரில் மேலும் சில கடிதங்கள் வெளியாயின. 1876 ஏப்ரல் 16 தேதியிட்ட ஒன்றில், தம்மைக் குற்றமற்றவர் என்று சொல்லும் கடிதம் ஒன்றைத் தாமே எழுதிக்கொடுத்து, இதைப் பிரதியெடுத்துக் கையெழுத்திட்டு உங்கள் கடிதம்போல எனக்கு அனுப்புங்கள் என்று ஃபிஷரைக் கேட்டிருந்தார். இந்தக் கடிதத்தை எரித்துவிடவும் என்ற வரியும் இருந்தது. அந்த வரியைத்தான் எதிர்க்கட்சி ஊர்வலங்கள் கோஷமாக்கின. நியூயார்க் மாநிலத்தை ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் இழந்து பிளெய்ன் தோற்றார்.

இதில் கவனிக்க வேண்டியது: 1876இல் வாசிக்கப்பட்டதும் உண்மையான கடிதங்கள்தான். தேர்வும் வரிசையும் எழுதியவர் கையில் இருந்ததால், உண்மைக் கடிதங்களே தவறான சித்திரத்தைத் தந்தன.

ஜெஸ்ஸி ஹோய்ட் கடிதங்கள் என்பவை எவை? ஏன் எல்லோரும் அவற்றையே மேற்கோள் காட்டுகிறார்கள்?

நியூயார்க் சுங்க அலுவலகத்தில் இரண்டு கலெக்டர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். முதலாமவர் சாமுவேல் ஸ்வார்ட்வவுட். வான் ப்யூரன் தடுத்தும் கேளாமல் 1829இல் ஜாக்சன் நியமித்தவர். 1838இல் பதவிக்காலம் முடிந்ததும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். கணக்கைப் பார்த்தபோது 12 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்கு மேல் குறைந்தது. ஓடியவரின் நாற்காலியில் வான் ப்யூரன் அமர்த்தியவர் ஜெஸ்ஸி ஹோய்ட், அவருடைய பழைய நண்பர். 1841இல் ஹோய்ட்டும் பதவி இழந்தார். அவர்மீதும் பணம் குறைகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. போகும்போது தம் சொந்தக் கடிதங்களை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் போனார்.

அவற்றைக் கண்டவர் வில்லியம் லயன் மெக்கென்சி. 1837இல் மேல் கனடாவில் (இன்றைய ஒன்டாரியோ) கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கித் தோற்று, அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். பிழைப்புக்காக அதே சுங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலையில் சேர்ந்திருந்தார். கடிதங்களைப் பிரதி எடுத்து, வேலையை விட்டு, 1845இல் பாஸ்டனில் நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டு வான் ப்யூரனைப் பற்றி இன்னொன்று.

உள்ளே இருந்தவை கட்சியின் சமையலறை வேலைகள். 1829 மார்ச் 14 அன்று, தமக்கு இன்னும் பதவி கிடைக்காத நிலையில், வாஷிங்டனிலிருந்து ஸ்வார்ட்வவுட் ஹோய்ட்டுக்கு எழுதியது: பழைய அதிபர் ஆடம்ஸுக்காக உழைத்த அதிகாரி எவனுக்கும் இரக்கம் கூடாது, இந்தக் கொள்ளைப் பங்கீட்டில் எனக்கும் ஏதாவது கிடைக்கும் என்றே நினைக்கிறேன். எழுதிய ஆள் பின்னாளில் என்ன செய்தார் என்று தெரிந்து இதைப் படிக்கும்போது உடம்பு கூசும். ஆல்பனியில் நம்பகமான ஆசிரியர் நடத்தும் பத்திரிகை இல்லாவிட்டால் கட்சி அழுது புலம்ப வேண்டியதுதான் என்று வான் ப்யூரன் 1823 ஜனவரியில் எழுதியதும் இங்கேதான் கிடைத்தது. அவருடைய மகன் ஜான், பங்குச் சந்தைச் சூதாட்டம் பற்றியும் தேர்தல் பந்தயம் பற்றியும் எழுதியவையும் உண்டு.

ஒரே குழு, ஒரே நகரம், பல ஆண்டுத் தொடர்ச்சி. வெளியார் யாருக்கும் காட்டுவதற்காக எழுதப்படாத வரிகள். ஆராய்ச்சியாளர்கள் இவற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். பதிப்பித்தவர் கடும் பகைமையோடு பதிப்பித்தார். இடையிடையே அவருடைய குறிப்புகள் ஓடுகின்றன. கடிதத்தையும் குறிப்பையும் பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும்.

அடுத்தவர் கடிதத்தை அச்சிட்டது சட்டப்படி சரியா? கடிதம் யாருக்குச் சொந்தம்?

ஹோய்ட் வழக்குப் போட்டுத் தடையாணை பெற்றார். 1848இல் நியூயார்க்கின் சான்சலர் என்ற உயர் நீதிபதி வால்வொர்த் அந்தத் தடையை நீக்கினார். கடிதம் இப்படி வெளியானதை அவர் மெச்சவில்லை. ஆனால் இலக்கியப் படைப்பாக மதிப்பில்லாத கடிதத்தைச் சொத்துரிமை என்ற பெயரில் காக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்பது அவர் நிலை. 1841இல் ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்கள் பற்றிய வழக்கில் நீதிபதி ஸ்டோரி வேறு விதமாகச் சொல்லியிருந்தார்: தாள் பெற்றவருடையது, வெளியிடும் உரிமை எழுதியவருடையது. 1855இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றும் வால்வொர்த் கருத்தை ஏற்க மறுத்து, எழுதியவர் பக்கம் நின்றது. சட்டம் குழம்பிக் கிடந்த அந்த இடைவெளியில்தான் பல கசிவுகள் நடந்தன.

ஒரே ஒரு கடிதம் ஆட்சியின் போக்கை மாற்றியதுண்டா?

உண்டு. 1818இல் படைத்தளபதியாக இருந்த ஜாக்சன், மேலிடத்து அனுமதியின்றி ஸ்பானிய ஃபுளோரிடாவுக்குள் படை நடத்தினார். அப்போதைய அமைச்சரவையில் போர்த்துறைச் செயலராக இருந்த ஜான் கால்ஹூன் தமக்காக வாதாடினார் என்றே ஜாக்சன் பல ஆண்டுகள் நம்பினார். அதே அமைச்சரவையில் இருந்த வில்லியம் கிராஃபோர்ட் 1830 ஏப்ரல் 30 அன்று ஜான் ஃபோர்சித்துக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஜாக்சனைத் தண்டிக்க வேண்டும் என்றவரே கால்ஹூன்தான். கடிதம் ஜாக்சன் கைக்குப் போனது. மே 13 அன்று அதன் பிரதியைத் தம் துணைத் தலைவரான கால்ஹூனுக்கே அனுப்பி விளக்கம் கேட்டார். கால்ஹூன் நீண்ட பதில் எழுதினார். 1831 பிப்ரவரியில் கடிதங்களையெல்லாம் அச்சிட்டும் வெளியிட்டார். உறவு முறிந்தது.

லாபம் வான் ப்யூரனுக்கு. 1832 ஜனவரியில் அவருடைய தூதர் நியமனத்தைக் கால்ஹூன் தம் ஒற்றை வாக்கால் கவிழ்த்தார். பாதிக்கப்பட்டவர் என்ற அனுதாபத்தோடு வான் ப்யூரன் அதே ஆண்டு துணைத் தலைவராகவும் 1836இல் தலைவராகவும் தேர்வானார். கிராஃபோர்ட் கால்ஹூனின் பழைய எதிரி என்பதையும், பன்னிரண்டு ஆண்டு அமைச்சரவை ரகசியம் சரியாக அந்த நேரத்தில் வெளிவந்ததையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தக் கடிதத்தைப் படிக்க முடியாது.

சீவர்டுக்கு கிரீலி எழுதிய கடிதம் பற்றி அடிக்கடி சொல்கிறார்களே?

நியூயார்க் செனட்டர் வில்லியம் சீவர்ட், கட்சி மேலாளரும் ஆல்பனிப் பத்திரிகையாளருமான தர்லோ வீட், ‘ட்ரிப்யூன்’ ஆசிரியர் ஹொரேஸ் கிரீலி. மூவரும் ஒரே அணி. பதவிகள் பகிரப்பட்டபோதெல்லாம் தம்மை மறந்துவிட்டார்கள் என்ற மனக்கசப்பு கிரீலிக்கு. 1854இல் தமக்குப் போட்டியான ‘டைம்ஸ்’ ஆசிரியர் ஹென்றி ரேமண்டுக்கு மாநிலத் துணை ஆளுநர் பதவி போனது; பொறுக்க முடியவில்லை. நவம்பர் 11 அன்று, இந்த மூவர் கூட்டு நிறுவனத்திலிருந்து இளைய பங்காளி விலகுகிறார் என்று வணிகக் கணக்கு முடிப்பதுபோல எழுதினார். சீவர்ட் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கட்டிவைத்தார்.

1860இல் குடியரசுக் கட்சியின் சிகாகோ மாநாட்டில் சீவர்டே வேட்பாளர் ஆவார் என்று எல்லோரும் எண்ணியிருந்தபோது, ஆரிகன் பிரதிநிதியாக வந்து அமர்ந்த கிரீலி அவருக்கு எதிராக இரவு பகலாக வேலை செய்தார். லிங்கன் வென்றார். பழைய கடிதத்தைச் சுட்டிக்காட்டி, பதவி கிடைக்காத ஆத்திரம் இது என்று ரேமண்ட் எழுதினார். கிரீலி கடிதத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி ஜூனில் தாமே வெளியிட்டார். சிறு பதவி தருவதில் காட்டிய அலட்சியம் பெரும் பதவியைத் தட்டிப் பறித்ததற்கு இதைவிடத் தெளிவான எழுத்துச் சான்று அரிது.

போலிக் கடிதங்களும் உலவினவா? எப்படிக் கண்டுபிடிப்பது?

1880 அக்டோபரில், தேர்தலுக்குச் சில நாள் முன், குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் எழுதியதாக ஒரு கடிதத்தை நியூயார்க் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. மாசசூசெட்ஸின் லின் நகரத்து மோரி என்பவருக்கு ஜனவரி 23 தேதியிட்டு எழுதப்பட்டதாம். மலிவான சீனத் தொழிலாளர் வருகைக்கு ஆதரவு. கலிஃபோர்னியா கொதித்தது. கார்ஃபீல்டின் உண்மையான கையெழுத்தும் அதுவும் ஒத்துப்போகவில்லை. நன்கு படித்த அவர் செய்யாத எழுத்துப் பிழைகள் இருந்தன. மோரி என்ற ஆளையே லின்னில் காணோம். இந்த மூன்று சோதனைகளும் இன்றும் செல்லும். நான்காவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்: பதில் சொல்ல அவகாசமில்லாத நேரத்தில் வெளியாகும் கடிதத்தின் மீது கூடுதல் சந்தேகம் வேண்டும்.

1888இல் நடந்தது வேறு ரகம். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆஸ்குட்பி, மர்ச்சிசன் என்ற பொய்ப் பெயரில், குடியுரிமை பெற்ற ஆங்கிலேயனாக நடித்து, யாருக்கு வாக்களிப்பது என்று பிரிட்டிஷ் தூதர் சாக்வில்-வெஸ்ட்டைக் கேட்டார். மறுபடி போட்டியிட்ட தலைவர் கிளீவ்லாந்துக்குச் சாதகமாகத் தொனித்த தூதரின் பதில் உண்மையானது. அதை வரவழைத்த கேள்விதான் போலி. அக்டோபரில் வெளியானதும் தூதர் வெளியேற்றப்பட்டார், கிளீவ்லாந்தும் தோற்றார். பதில் கடிதம் கிடைத்தால் கேள்விக் கடிதத்தையும் தேட வேண்டும்.

தந்தி வந்தபிறகு ரகசியம் எப்படிக் காக்கப்பட்டது?

சங்கேத மொழியில். 1876 தேர்தல் முடிவு இழுபறியானபோது, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டில்டனின் வீடான கிராமர்சி பார்க் 15ஆம் எண்ணுக்கு, அவருடைய சகோதரி மகன் பெல்டனின் பெயருக்கு, ஃபுளோரிடா, தென் கரோலினா, ஆரிகனிலிருந்து தந்திகள் பறந்தன. ஆரிகன் தந்திகளுக்கு ஓர் அகராதியே திறவுகோல்: சொல்லை எழுதி, குறிப்பிட்ட பக்கங்கள் தள்ளி அதே இடத்தில் உள்ள சொல்லைப் படிக்க வேண்டும். மற்றவற்றில் சொற்களின் வரிசை கலைக்கப்பட்டது. வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்திடமிருந்து காங்கிரஸ் குழு பெற்ற தந்திகளில் சில வெளியே கசிந்தன. ஒரே நீளமுள்ள தந்திகளை அருகருகே வைத்து, வரிசை மாற்றும் விதியைக் கண்டுபிடித்து, ‘ட்ரிப்யூன்’ 1878 அக்டோபரில் வெளியிட்டது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வர்களின் வாக்குக்கு விலை பேசியது அம்பலமானது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றார் டில்டன்.

கட்சிக்குப் பணம் எப்படி வந்தது?

வேலை பெற்றவர்களின் சம்பளத்திலிருந்து. அச்சடித்த சுற்றறிக்கை வரும். வழக்கமாக 2 சதவீதம் கேட்கும். 1,000 டாலர் சம்பளம் என்றால் 20 டாலர். ‘விருப்பமான நன்கொடை’ என்று பெயர். தராதவர் பெயர் குறிக்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1882 மே மாதம் குடியரசுக் கட்சியின் காங்கிரஸ் தேர்தல் குழுத் தலைவர் ஜே ஹப்பெல் கையெழுத்தில் போன சுற்றறிக்கை பெரும் கண்டனத்தைக் கிளப்பியது. இதே ஹப்பெலுக்குத்தான் 1880 ஆகஸ்டில், துறைகளில் வசூல் எப்படிப் போகிறது என்று கேட்டு, கார்ஃபீல்ட் எழுதியிருந்தார். அது போலியல்ல.

இந்த முறை எப்போது முடிந்தது?

ஒரே நாளில் முடியவில்லை. 1881 ஜூலை 2 அன்று, அப்போது தலைவராகியிருந்த கார்ஃபீல்டைச் சுட்ட சார்லஸ் கிட்டோ, பாரிஸ் தூதரக வேலை கேட்டு அவருக்கும் வெளியுறவுச் செயலர் பிளெய்னுக்கும் கடிதமேல் கடிதம் எழுதியவர். செப்டம்பர் 19 அன்று தலைவர் இறந்தார். மக்கள் கோபம் 1883 ஜனவரி 16இல் பெண்டில்டன் சட்டமாயிற்று: வாஷிங்டன் துறை எழுத்தர்களுக்கும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சுங்க, தபால் அலுவலகங்களுக்கும் போட்டித் தேர்வு. கடித ஆர்வலர்கள் அதன் பத்தாவது பிரிவைப் படிக்க வேண்டும்: காங்கிரஸ் உறுப்பினரின் சிபாரிசை, விண்ணப்பதாரரின் நடத்தை, வசிப்பிடம் இரண்டையும் தவிர வேறெதற்கும் ஏற்கக் கூடாது.

தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு வேலைகள்தான் இதற்குள் வந்தன. கிளீவ்லாந்தின் முதல் ஆட்சியில் தபால் துறையின் அட்லாய் ஸ்டீவன்சன் ஏறத்தாழ 40,000 போஸ்ட்மாஸ்டர்களை மாற்றினார்.

இந்தச் சட்டத்தை வரைந்த டோர்மன் ஈட்டன் பிரிட்டிஷ் முறையை ஆராய்ந்தவர். அந்த முறையின் அடிப்படையான 1854ஆம் ஆண்டு அறிக்கையை எழுதிய இருவரில் ஒருவர் சார்லஸ் டிரெவெல்யன். 1859இல் சென்னை ஆளுநராக வந்தவர் அவரே.

எவை அழிந்துபோயின?

கார்ஃபீல்டுக்குப் பின் தலைவரான செஸ்டர் ஆர்தர், 1886 நவம்பரில் இறப்பதற்குச் சற்று முன் தம் காகிதங்களைக் கிட்டத்தட்ட முழுவதும் எரிக்கச் செய்தார். நியூயார்க் சுங்க அலுவலகத்தின் உள்வேலைகளை எல்லாரையும்விட அறிந்தவரின் கோப்பு அப்படிப் போனது. தப்பியவற்றில் ஜூலியா சாண்ட் என்ற பெண் 1881 முதல் 1883 வரை எழுதிய 23 கடிதங்கள் உண்டு. பதவி எதுவும் கேட்காமல், நேர்மையாக ஆளுங்கள் என்று தலைவரையே கண்டித்து எழுதியவை. அவர் வைத்திருந்தார் என்பதே பெரிய செய்தி.

புதிதாகத் தொடங்குபவர் ஒரு கடிதத்தை எப்படிப் படிக்க வேண்டும்? எங்கே தவறு நேரும்?

முதலில் தாளின் பின்பக்கம். பெற்றவர் மடித்துவைக்கும்போது எழுதியவர் பெயர், தேதி, பொருள் ஆகியவற்றைக் குறித்திருப்பார். பதில் அனுப்பிய தேதியும் சில சமயம் இருக்கும். பிறகு முகவரிப் பக்கம்: முத்திரை, கட்டணம், இலவசக் கையெழுத்து. அதன் பிறகே உள்ளடக்கம். ‘சென்ற மாதம் 12’, ‘இம்மாதம் 3’ என்ற குறுக்கங்களை உடனே முழுத் தேதியாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். ஜனவரிக் கடிதங்களில் பழைய ஆண்டே கைப்பழக்கத்தில் விழுந்திருக்கும்; உள்ளே சொல்லப்படும் நிகழ்ச்சியோடு ஒத்துப்பாருங்கள். ஈரத்தாளில் அழுத்தி எடுத்த பிரதிப் புத்தகங்களில் மங்கிய பக்கங்கள் ஏராளம். ஊகித்துப் படித்த சொல்லைத் தனியே குறியிடுங்கள்.

மிகப் பெரிய பொறி பெயர். பெஞ்சமின் எஃப். பட்லர் என்று இருவர்: வான் ப்யூரனின் சட்டத் தோழர் ஒருவர், உள்நாட்டுப் போர்த் தளபதி மற்றவர். ஜாக்சன்–கால்ஹூன் விவகாரத்தில் நியூயார்க்கின் ஜேம்ஸ் ஏ. ஹாமில்டனும் தென் கரோலினாவின் ஜேம்ஸ் ஹாமில்டனும் வருகிறார்கள், எதிரெதிர் அணியில்.

கேட்ட பதவி கிடைத்ததா என்பதைக் கடிதத்தை நம்பி முடிவு செய்யக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அச்சான அரசு ஊழியர் பதிவேட்டில் பெயர், ஊர், சம்பளம் எல்லாம் உண்டு. செனட்டின் நிர்வாக நாட்குறிப்பில் நியமனமும் அதன் முடிவும் இருக்கும். போஸ்ட்மாஸ்டர் நியமனப் பதிவுகளும், வெளியுறவுத் துறைக்கு வந்த விண்ணப்ப, சிபாரிசுக் கோப்புகளும் தேசிய ஆவணக் காப்பகத்தில் நுண்படமாக உள்ளன. ஜாக்சன், வான் ப்யூரன், லிங்கன் ஆகியோரின் தாள்களைக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. வீட், சீவர்ட் தாள்கள் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில். தொடக்கத்துக்கு லிங்கனுக்கு 1861 மார்ச் முதல் மே வரை வந்த கடிதங்கள் ஏற்றவை: பலவற்றுக்கு அச்செழுத்துப் பிரதியும் இருப்பதால், கையெழுத்தையும் அச்செழுத்தையும் பக்கத்தில் வைத்து அக்காலக் கையெழுத்தைப் பழகிக்கொள்ளலாம்.